கொதித்த கியர்கள்: டேடோனா 1964 முதல் ஷெல்பி ஜி.டி.350 வழக்கு வரை

1964 பிப்ரவரி 16. அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில் டேடோனா பந்தயத் தளம். 2000 கிலோமீட்டர் ஓட்டம். பெயர் பெற்ற ஃபெராரி 250 ஜி.டி.ஓ. கார்களையெல்லாம் பின்னால் தள்ளிவிட்டு, அதுவரை எந்தப் பந்தயத்திலும் ஓடியிராத ஒரு கார் முன்னால் போய்க்கொண்டிருந்தது. கரோல் ஷெல்பியின் கம்பெனி கட்டிய கோப்ரா டேடோனா கூபே. வடிவமைத்தவர் பீட்டர் ப்ராக். ஓட்டியவர்கள் பாப் ஹோல்பர்ட், டேவ் மெக்டொனால்ட்.

எஞ்சினில் ஒரு குறையும் இல்லை. ஆனால் பின்சக்கரங்களுக்கு நடுவில் இருக்கும் டிஃபரென்ஷியல் சூடாகிக்கொண்டே போனது. பெட்ரோல் நிரப்ப கார் பிட்டுக்குள் வந்தபோது, டிஃபரென்ஷியலைப் பார்க்க ஒரு மெக்கானிக் காருக்கு அடியில் புகுந்தார். அந்த நேரம் பார்த்து டேங்க் நிரம்பி பெட்ரோல் வழிந்தது. கொதித்துக்கொண்டிருந்த பின்பகுதியில் அது பட்டு, குப்பென்று தீப்பிடித்தது. மெக்கானிக்குக்குத் தீக்காயம். கார் அத்தோடு பந்தயத்தை விட்டு வெளியேறியது. ஜெயித்தது ஃபில் ஹில்லும் பெட்ரோ ரோட்ரிகஸும் ஓட்டிய ஃபெராரி ஜி.டி.ஓ.

இந்தச் சம்பவத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 50 வருஷம் கழித்து இதே ஷெல்பி பெயரைச் சுமந்த இன்னொரு காரில், இதே டிஃபரென்ஷியல் சூடு வேறொரு வேஷத்தில் திரும்பி வரப்போகிறது. இந்த முறை தீயணைப்பு வண்டி வரவில்லை, வக்கீல்கள் வந்தார்கள்!

முதலில், டிஃபரென்ஷியல் ஏன் சூடாகிறது? கார் சூடாகிறது என்றாலே எல்லோருக்கும் எஞ்சினும் ரேடியேட்டரும்தான் நினைவுக்கு வரும். எஞ்சினுக்குத் தண்ணீர் ஓடுகிறது, ரேடியேட்டர் இருக்கிறது, ஃபேன் சுற்றுகிறது, டாஷ்போர்டில் முள் காட்டுகிறது. ராஜ உபசாரம்தான். ஆனால் எஞ்சினில் பிறந்த சக்தி சக்கரத்துக்குப் போய்ச் சேர கியர்பாக்ஸ், ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட், டிஃபரென்ஷியல் என்று ஒரு பாதை இருக்கிறதே, அதைக் கவனிப்பார் இல்லை. ஒரு இரும்புப் பெட்டிக்குள் ஒன்றிரண்டு லிட்டர் ஆயில். கியர் சுற்றும்போது அந்த ஆயிலை வாரி இறைத்துக்கொள்ளும். வெளியே காற்று பட்டால் பெட்டி ஆறும். அவ்வளவுதான் ஏற்பாடு.

இதில் டிஃபரென்ஷியலின் கதை கொஞ்சம் விசேஷம். நம்மூர் லாரி மெக்கானிக்குகள் 'கிரௌன் பினியன்' என்று சொல்லும் ஜோடிதான் அதன் இதயம். ஆரம்ப காலக் கார்களில் பினியன், கிரௌன் சக்கரத்தின் நடு உயரத்தில் வந்து சேரும். 1920களில் அமெரிக்காவின் க்ளீசன் கம்பெனி 'ஹைபாய்டு' என்ற புது வகை கியரை உருவாக்கியது. 1926இல் பேக்கார்டு கார்களில் அது வந்தது. இதில் பினியன் நடுவுக்குக் கீழே வந்து சேரும். அதனால் நீண்ட ஷாஃப்டும் கீழே இறங்கும், காரின் தரையும் தாழும், கார் பார்க்க அழகாக இருக்கும். சத்தமும் குறைவு, பலமும் அதிகம்.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. சாதாரண கியரில் பற்கள் பெரும்பாலும் ஒன்றின் மேல் ஒன்று உருளும். ஹைபாய்டில் உருளுவதோடு நன்றாக வழுக்கவும் செய்யும். பெரும் அழுத்தத்தில் இரும்பு மேல் இரும்பு வழுக்கினால் என்ன ஆகும்? உள்ளங்கை இரண்டையும் சேர்த்து அழுத்தித் தேய்த்துப் பாருங்கள், தெரியும். இதற்காகவே கந்தகக் கலவை சேர்த்த தனி ஆயில் தேவைப்பட்டது. கியர் ஆயிலுக்கு மூக்கைத் துளைக்கும் அந்த நாற்றம் வந்தது இப்படித்தான்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு (பயப்பட வேண்டாம், பெருக்கல் மட்டும்தான்). டிஃபரென்ஷியலுக்குள் போகும் சக்தியில் 3 சதவீதம் சூடாக வீணாகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு கார் நெடுஞ்சாலையில் 100 கி.மீ. வேகத்தில் சீராகப் போக 15 முதல் 20 கிலோவாட் சக்தி போதும். அதில் 3 சதவீதம் என்றால் சுமார் 500 வாட். வீட்டு இஸ்திரிப் பெட்டியில் பாதி. அடியில் வீசும் காற்றே அதை ஆற்றிவிடும்.

அதுவே 526 குதிரைசக்தி கார், பந்தயத் தளத்தில் என்றால்? முழு சக்தி சுமார் 390 கிலோவாட். பிரேக் பிடிக்கிற நேரம், வளைவில் தயங்குகிற நேரம் எல்லாம் போக, சராசரியாகப் பாதி என்று எடுத்துக்கொண்டாலும் கிட்டத்தட்ட 200 கிலோவாட். அதில் 3 சதவீதம் 6 கிலோவாட். ஆறு இஸ்திரிப் பெட்டிகளை முழுச் சூட்டில் வைத்து ஒரே இரும்புப் பெட்டிக்குள் அடைத்த மாதிரி! கியரும் கூடும் ஆயிலும் சேர்த்து 40 கிலோ என்று கொண்டால், காற்று எதுவும் ஆற்றாவிட்டால் நிமிடத்துக்கு 15 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஏறும். காற்று கொஞ்சம் ஆற்றும்தான். ஆனாலும் பத்துப் பதினைந்து நிமிடத்தில் ஆயில் ஆபத்தான சூட்டைத் தொட்டுவிடும். ஆயில் தண்ணீர் போல இளகும், கியர் பற்களுக்கு நடுவில் இருக்கும் மெல்லிய படலம் கிழியும், ரப்பர் சீல் வெந்து போய் ஒழுகும். ஆயில் ஒழுகினால் சூடு இன்னும் ஏறும். அதற்கப்புறம் மீட்க முடியாது.

இதற்கு மருந்து என்ன? ரொம்பப் பழைய மருந்துதான். ஒரு சின்ன பம்ப், இரண்டு குழாய், காற்று படும் இடத்தில் ஒரு குட்டி ரேடியேட்டர். டிஃபரென்ஷியலிலிருந்து ஆயிலை உறிஞ்சி, ஆற்றி, திருப்பி உள்ளே விடுவது. பெயர் ஆயில் கூலர். கியர்பாக்ஸுக்கும் இதேதான். ராக்கெட் விஞ்ஞானம் ஒன்றும் இல்லை.

டேடோனாவில் எரிந்த காரை ஷெல்பி ஆட்கள் சரி செய்து, அடுத்த மாதமே, 1964 மார்ச் 21 அன்று செப்ரிங் 12 மணி நேர ஓட்டத்தில் இறக்கினார்கள். அதே ஹோல்பர்ட், அதே மெக்டொனால்ட். ஜி.டி. பிரிவில் முதலிடம், மொத்தத்தில் நான்காவது! ஜூனில் லெ மான் 24 மணி நேரப் பந்தயம். அங்கே டேன் கர்னியும் பாப் பாண்டுரன்ட்டும் ஓட்டிய கூபேயில் எஞ்சினின் ஆயில் கூலர் பழுதானது. கூலர் இல்லாமலே சமாளித்து, வேகத்தைக் குறைத்து ஓட்டி, ஜி.டி. பிரிவில் ஜெயித்தார்கள். கூலர் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்பதை ஒரே வருடத்தில் இரண்டு விதமாகவும் அனுபவித்துத் தெரிந்துகொண்ட கம்பெனி அது. 1965இல் உலக ஜி.டி. பட்டம் ஃபெராரியிடமிருந்து ஷெல்பி கைக்கு வந்தது. இத்தனைக்கும் கட்டிய கூபேக்கள் மொத்தமே ஆறுதான்.

அதே 1965இல்தான் முதல் ஜி.டி.350 பிறந்தது. ஃபோர்டு மஸ்டாங் காரை வாங்கி, பின் சீட்டை எடுத்துவிட்டு, எஞ்சினை 306 குதிரைசக்திக்கு ஏற்றி ஷெல்பி விற்றார். விலை 4,547 டாலர். கூடவே ஜி.டி.350ஆர் என்று ஒரு பந்தய வகை, சுமார் 6,000 டாலருக்கு. அதில் ஆயில் கூலர், பெரிய ரேடியேட்டர், முன்பக்கத்தில் காற்று புகுவதற்கென்றே ஒரு பெரிய வாய். வாடிக்கையாளர்களுக்கென்று கட்டியது 34 கார். அமெரிக்காவின் எஸ்.சி.சி.ஏ. பந்தயங்களில் பி-புரொடக்‌ஷன் பிரிவின் தேசியப் பட்டத்தை 1965, 66, 67 என்று மூன்று வருடமும் ஜி.டி.350 தட்டிச் சென்றது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1965இலும் சாலைக் காருக்கும் பந்தயக் காருக்கும் வித்தியாசம் இருந்தது. சாலைக் காரில் எல்லா கூலரும் இல்லை. ஆனால் எது எதற்கு என்பதில் குழப்பம் இல்லை. பந்தயம் ஓட வேண்டுமா, இதோ 'ஆர்'. கடைக்குப் போய் வர வேண்டுமா, இதோ மற்றது.

அந்தப் பக்கம் தாய்க் கம்பெனியான ஃபோர்டும் சும்மா இருக்கவில்லை. 1964 லெ மானில் மூன்று ஃபோர்டு ஜி.டி.40 கார்கள் ஓடின. இரண்டு கியர்பாக்ஸ் கெட்டு நின்றன, ஒன்று தீப்பிடித்தது. எஞ்சின் பலம் இருந்தும் அந்தப் பலத்தைச் சக்கரத்துக்குக் கொண்டு போகிற பாதை தாங்கவில்லை. அதனால் 1966க்குத் தயாராகும்போது ஃபோர்டு எஞ்சினியர்கள் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் சேர்த்தே ஆய்வகத்தில் டைனமோமீட்டரில் பூட்டினார்கள். லெ மான் சுற்று ஒன்றில் எங்கே கியர் மாற்றுவார்கள், எங்கே முழு வேகம், எங்கே பிட் நிறுத்தம் என்று பதிவு செய்து, அதை அப்படியே மணிக்கணக்காக ஓடவிட்டார்கள். உடைந்தால் ஆய்வகத்திலேயே உடையட்டும் என்ற கணக்கு. 1966 லெ மானில் ஃபோர்டு கார்கள் முதல் மூன்று இடங்களையும் பிடித்தன.

ஆக, 1960களின் நடுவிலேயே ஷெல்பிக்கும் ஃபோர்டுக்கும் இந்த விஷயம் அத்துப்படி. தெரியாமல் நடந்தது என்று பின்னால் யாரும் சொல்ல முடியாது.

இனி ஒரு தாவல். நடுவில் வந்த பல வருடங்களில் நடந்த முக்கியமான மாற்றம், பந்தய வீரர் அல்லாத சாதாரண மனிதர்களும் தங்கள் சொந்தக் காரைப் பந்தயத் தளத்தில் ஓட்ட ஆரம்பித்ததுதான். ஜெர்மனியின் நூர்புர்க்ரிங் 1927இல் திறந்ததிலிருந்தே, காசு கட்டினால் பொதுமக்களும் ஓட்டலாம் என்று வைத்திருந்தது. பிறகு மற்ற இடங்களிலும் 'ட்ராக் டே' என்ற பழக்கம் பரவியது. ஒரு நாள் வாடகைக்குத் தளம், இருபது முப்பது நிமிடமாகப் பிரித்து ஒவ்வொரு குழுவாக உள்ளே விடுவார்கள். போட்டி கிடையாது, பரிசு கிடையாது. காலையில் வீட்டிலிருந்து ஓட்டிக்கொண்டு வந்து, பகலெல்லாம் தளத்தில் சுற்றி, சாயங்காலம் அதே காரில் வீட்டுக்குப் போவார்கள்.

கார் கம்பெனிகளுக்கு இது ஒரு பொன்முட்டையிடும் வாத்து. 'பந்தயத் தளத்துக்குத் தயார்' என்று விளம்பரத்தில் ஒரு வரி போட்டால் விற்பனை ஏறும். ஆனால் மேலே போட்ட கணக்கைப் பாருங்கள். டிஃபரென்ஷியலுக்கு முதலாளி பந்தய வீரரா பல் டாக்டரா என்று தெரியாது. இருபது நிமிடம் இருபது நிமிடம்தான்.

இந்த விஷயத்தைச் சரியாகக் கையாண்டவர்களும் உண்டு. 2007இல் வந்த நிஸ்ஸான் ஜி.டி.-ஆர் தன் திரையிலேயே கியர்பாக்ஸ் ஆயிலின் சூட்டைக் காட்டியது. 2014 மாடல் செவர்லே கார்வெட்டில் இசட்51 என்ற பேக்கேஜ் வாங்கினால் கியர்பாக்ஸுக்கும் டிஃபரென்ஷியலுக்கும் கூலர் கிடைத்தது. ஃபோர்டே கூட 2013 மாடல் ஷெல்பி ஜி.டி.500 காருக்கு (662 குதிரைசக்தி) ட்ராக் பேக் ஒன்று கொடுத்தது. அதில் எஞ்சின் ஆயில், கியர்பாக்ஸ், டிஃபரென்ஷியல் மூன்றுக்கும் தனித்தனி கூலர்.

2012 மே 10 அன்று கரோல் ஷெல்பி இறந்துபோனார். 2014 நவம்பரில் ஃபோர்டு ஜி.டி.350 என்ற பெயரை மறுபடி எடுத்தது. கார் என்னவோ அபாரமான கார்தான். 5.2 லிட்டர் வி8 எஞ்சின், 526 குதிரைசக்தி, நிமிடத்துக்கு 8,250 சுற்று வரை போகும். விலை சுமார் 50,000 டாலரிலிருந்து. இந்த விலைக்கு இப்படி ஒரு சத்தம் வேறெந்தக் காரிலும் கிடையாது என்று பத்திரிகைகள் கொண்டாடின.

2016 மாடலில் ஒரு சின்ன விஷயம். ட்ராக் பேக்கேஜ் எடுத்தவர்களுக்கும், விலை கூடிய ஜி.டி.350ஆர் வாங்கியவர்களுக்கும் கியர்பாக்ஸ் கூலரும் டிஃபரென்ஷியல் கூலரும் இருந்தன. அடிப்படைக் காரிலும், டெக்னாலஜி பேக்கேஜ் எடுத்த காரிலும் இல்லை. டெக்னாலஜி பேக்கேஜ் என்பது நல்ல சீட், பெரிய திரை, நல்ல ஸ்பீக்கர் போன்ற சமாச்சாரம். எஞ்சின் எல்லாவற்றிலும் ஒன்றே. பெயர்ப்பலகையும் ஒன்றே, சீறும் நாகப்பாம்பு சின்னமும் ஒன்றே.

வாங்கியவர்கள் ட்ராக் டேக்குப் போனார்கள். வழக்கில் அவர்கள் சொன்னது இது: சில சமயம் 15 நிமிடம் கூட ஆகாமல், நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போதே கார் திடீரென்று தன் சக்தியைக் குறைத்துக்கொண்டது. இதை ஆங்கிலத்தில் 'லிம்ப் மோட்' என்பார்கள், அதாவது நொண்டி நடை. சூடு எல்லை தாண்டினால் கியர்கள் வெந்துபோகாமல் காப்பாற்ற கம்ப்யூட்டரே எஞ்சினை அடக்கிவிடும். 1964இல் இந்தக் கம்ப்யூட்டர் இல்லை, தீதான் இருந்தது. அந்த விதத்தில் இது முன்னேற்றமே. ஆனால் பின்னால் 200 கி.மீ. வேகத்தில் இன்னொருவர் வந்துகொண்டிருக்கும்போது முன்னால் போகிற கார் சட்டென்று மந்தமானால்? அது பணம் மட்டும் சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை.

2017 மார்ச்சில் ஃப்ளோரிடா தெற்கு மாவட்ட கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். பல மாநிலங்களைச் சேர்ந்த உரிமையாளர்கள் சேர்ந்த குழு வழக்கு. நாள் முழுக்க ட்ராக்கில் ஓட்டலாம் என்ற பொருளில் விளம்பரம் செய்துவிட்டு, அதற்கு வேண்டிய கூலரைப் போடாமல் விற்றது ஏமாற்று வேலை என்பது அவர்கள் வாதம். ஃபோர்டின் பக்கத்திலும் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. லிம்ப் மோட் என்பது காரின் தற்காப்பு, பழுது அல்ல. ட்ராக் வேண்டும் என்பவர்களுக்கு ட்ராக் பேக்கேஜ் என்று பெயரிலேயே சொல்லி ஒன்று இருக்கிறது. 1965இலும் ஷெல்பி இப்படித்தானே இரண்டு விதமாக விற்றார் என்று கூடக் கேட்கலாம்.

ஆனால் 1965க்கும் 2016க்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. அன்று 'ஆர்' வாங்காதவரிடம் யாரும் உன் கார் நாள் முழுக்கப் பந்தயத் தளத்தில் ஓடும் என்று சொல்லவில்லை. இன்று விளம்பரப் படத்தில் ஓடுகிற காரில் எந்தப் பேக்கேஜ் இருக்கிறது என்று பார்ப்பவருக்குத் தெரியாது. கூலர் என்பது பம்பருக்குள்ளும் வண்டிக்கு அடியிலும் ஒளிந்திருக்கும் பொருள். ஷோரூமில் சீட்டைத் தொட்டுப் பார்க்கலாம், ஸ்பீக்கரில் பாட்டுக் கேட்கலாம். கூலர் இல்லாத குறை, முதல் வெயில் நாளில் பத்தாவது சுற்றில்தான் தெரியவரும்.

நீதிமன்றத்தில் சிக்கலாகிப் போன கேள்வியும் கிட்டத்தட்ட இதுதான். ஒவ்வொரு உரிமையாளரும் அந்த விளம்பரத்தை நம்பித்தான் வாங்கினாரா? அதை ஒவ்வொருவராக நிரூபிக்க வேண்டுமா, அல்லது எல்லோருக்கும் சேர்த்துப் பொதுவாக எடுத்துக்கொள்ளலாமா? இதற்கு மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. கீழ் நீதிமன்றம் பல மாநிலங்களுக்குக் குழு வழக்காக நடத்த அனுமதி கொடுத்தது. ஃபோர்டு மேல்முறையீடு செய்தது. 2023 ஆகஸ்டில் 11ஆவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு பகுதியை ஏற்றது, ஒரு பகுதியை ஏற்காமல் திருப்பி அனுப்பியது. கார் விற்று ஏழு வருடம் ஆகியும், யார் யார் சேர்ந்து வழக்காடலாம் என்ற கேள்வியிலேயே நின்றது விஷயம்!

ஃபோர்டு மட்டும்தான் இதில் மாட்டியது என்று நினைக்க வேண்டாம். 2015 மாடல் கார்வெட் இசட்06 (650 குதிரைசக்தி) சூடாகிறது என்று ஜெனரல் மோட்டார்ஸ் மீதும் 2017இல் வழக்கு வந்தது. அங்கே முக்கியமான சிக்கல் எஞ்சினும் அதன் சூப்பர்சார்ஜரும். 2017 மாடலில் பானட்டில் பெரிய காற்றுத் துளைகள் வைத்தார்கள்.

கூலர் இல்லாத ஜி.டி.350 வைத்திருந்தவர்களுக்கு இருந்த வழிகள் சில. தனியாகக் கூலர் வாங்கிப் பூட்டுவது. இது செலவு, உழைப்பு, ஆனால் இதுதான் முழுத் தீர்வு. சூடு தாங்கும் சிந்தெடிக் கியர் ஆயில் போட்டு அடிக்கடி மாற்றுவது. இது கொஞ்ச நேரம் தள்ளிப்போடும், அவ்வளவே. முள்ளைப் பார்த்துக்கொண்டே ஓட்டி, ஏறியதும் ஒரு சுற்று மெதுவாகப் போய் ஆற்றுவது. அப்புறம் நிறைய பேர் செய்யத் தவறுகிற ஒன்று: உள்ளே வந்தவுடன் எஞ்சினை அணைத்து நிறுத்திவிடாமல், கொஞ்ச தூரம் நிதானமாக ஓட்டிவிட்டு நிறுத்துவது. வேகமாக ஓட்டிய காரைச் சட்டென்று நிறுத்தினால், காற்று நின்றுபோய் உள்ளே இருக்கிற சூடு வெளியேற வழியில்லாமல் சீல்களை வேக வைக்கும்.

2017 மாடல் ஜி.டி.350இல் ட்ராக் பேக்கேஜ் எல்லாக் கார்களிலும் சேர்ந்தே வந்தது. கியர்பாக்ஸ் கூலர், டிஃபரென்ஷியல் கூலர் இரண்டும் இனி தனியாகக் கேட்டு வாங்கும் பொருளாக இல்லை. 2020 மாடலோடு ஜி.டி.350 தயாரிப்பு நிற்கும் வரை அப்படியேதான் இருந்தது. முந்தின வருடம் டெக்னாலஜி பேக்கேஜ் வாங்கியவர்களின் காரில், அந்தக் குட்டி ரேடியேட்டர்கள் உட்கார வேண்டிய இடம் காலியாகவே இருந்தது.